மெஷின் சொன்ன 99

சனி ஞாயிறுன்னா பாண்டி ஈசிஆர் பக்கம் ஒரு ரெஸ்டோ பார், முகூர்த்த நாள்னா கடலூர்ல ரிசப்ஷன், ரெண்டு எடத்துலயும் பாட்டு மிக்ஸ் பண்ற டிஜே வேலை, பல வருஷமா எனக்கு இதான் பொழப்பு. பாண்டில ராத்திரி பூரா பாட்டோட வேகம், அதாவது பிபிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை அடி), 122க்கும் 128க்கும் நடுவுலயே சுத்திட்டு இருக்கலாம், எவனும் ஒண்ணும் கேக்க மாட்டான். கடலூர் ரிசப்ஷன் அப்படி இல்ல, 80ல ஒரு மெலடி முடிஞ்ச கையோட 100ல ஒரு லோக்கல் பாட்டு, பெங்களூர்லேர்ந்து வந்த மாப்பிள்ளை ஃப்ரெண்ட்ஸுக்கு 128ல ஹவுஸ்ங்கிற எலக்ட்ரானிக் டான்ஸ் பாட்டு, அது பாதி ஓடும்போதே பெரியப்பா வந்து குத்து போடு தம்பிம்பாரு. இதுல ராத்திரி 10 மணிக்கு சவுண்டை நிறுத்தணும், அதனால கேட்டதெல்லாம் 9 மணிக்கு மேல ஒண்ணா வந்து விழும்.

ரெண்டு வருஷம் முன்னாடி கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு மண்டபம். ஓடிட்டு இருந்தது 100 பிபிஎம் பாட்டு, அடுத்து ஒரு தவில் குத்து, சாஃப்ட்வேர் அதை 99ன்னு காட்டுது. ஒரே ஒரு நம்பர்தானேன்னு ரெண்டு பாட்டோட வேகத்தையும் தானா சேத்துவிடற சிங்க் பட்டனை அமுக்கி, ஹெட்ஃபோன்ல ஒழுங்கா கேக்காம சத்தத்தை ஏத்தி இறக்கற ஃபேடரைத் தள்ளிட்டேன். தகர டப்பாவ மாடிப்படில உருட்டி விட்ட மாதிரி ஒரு சத்தம். ஆடிட்டு இருந்த பசங்க கால எங்க வெக்கிறதுன்னு தெரியாம நின்னுட்டாங்க, பொண்ணோட மாமா கிட்ட வந்து "தம்பி, ஸ்பீக்கர் போயிடுச்சா?"ங்கிறாரு. ஒயர் லூஸுங்க சார்னு சொல்லி சமாளிச்சேன்.

அன்னிக்கு பந்தியில பக்கத்து எலையில மாப்பிள்ளை அழைப்புக்கு வாசிச்ச தவில்காரர். சாம்பார் ஊத்தற வரைக்கும் சும்மா இருந்தவரு, "அது மூணு, நீங்க கொண்டு போயி நாலுல சேத்துட்டீங்க"ன்னாரு. எனக்குப் புரியல. என்னை டேபிள்ல ஒரே சீரா தட்டச் சொன்னாரு, சாப்பிடற கை எச்சில்ங்கறதால இடது கை விரலாலயே என்னோட ஒவ்வொரு தட்டலுக்குள்ளயும் தகதிமி தகதிமின்னு நாலு நாலா ஓட்டினாரு, அப்புறம் நான் தட்டற வேகம் மாறாமலே தகிட தகிடன்னு மூணு மூணா மாத்தினாரு. "கைய மாத்தாதீங்கண்ணே, நட தானா மாறும்"னாரு. நடன்னா ஒரு அடிக்குள்ள எத்தனை சின்ன அடி விழுதுங்கிறது. என்னைவிட இருபது வயசு பெரியவரு, என்னையே அண்ணேங்கறாரு.

வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டை கையால தட்டிப் பாத்தப்பதான் விஷயம் வெளிய வந்துச்சு. அதோட நிஜ வேகம் 132, ஒவ்வொரு அடிக்குள்ளயும் மூணு சின்ன அடி, ஆக நிமிஷத்துக்கு 396. மெஷின் அதை நாலு நாலா கட்டி எண்ணியிருக்கு, அதான் 99. அப்போ அதுக்கு பக்கத்து வீடு 100 பாட்டு இல்ல, 128 ஹவுஸ்! இப்போல்லாம் குத்தை 3% இறக்கி 128க்கு கொண்டு வந்துட்டு, ஹவுஸ் பாட்டுல பேஸை எடுத்து கைத்தட்டல் மட்டும் நாலு அடி திரும்பத் திரும்ப ஓடற மாதிரி லூப் போட்டுடுவேன், அதுமேல தவில் ஆரம்பத்தை விட்டு, எட்டு எண்ணி லூப்பைக் கழட்டி பேஸைத் திறந்தா போதும், ஆடறவங்க கால் நிக்காது.

100லேர்ந்து 128 போறது வேற கத. அது 28%, இழுத்தா பாட்டு செத்துரும். வேகம் மாறினாலும் சுருதி மாறாம பிடிக்கிற கீ லாக் போட்டா குரல் தண்ணிக்குள்ளேர்ந்து பாடற மாதிரி கொழகொழன்னு ஆயிடும், போடலன்னா 6 சதவீதத்துக்கே சுருதி அரைக் கட்டை ஏறிடும், 28க்கு சொல்லவே வேணாம். அதனால வெட்டுதான். வரி முடியற எடத்துல ஒரு அடி எக்கோ போட்டு ஃபேடரை இறக்கி, அந்த வால் அடங்கறதுக்குள்ள அடுத்த பாட்டோட முதல் அடி விழணும். வெட்டறது சோம்பேறித்தனம்னு சீனியருங்க சிலர் சொல்லுவாங்க, அவங்க கல்யாணத்துக்கு வாசிச்சதில்ல போல. தவில்ல தீர்மானம்னு முடிவு வெக்கிற மாதிரி கடைசி துண்டை மூணு வாட்டி திருப்பி விட்டு சமத்துல, அதாவது தாளம் திரும்பத் தொடங்கற முதல் அடில, புதுப்பாட்டை எறக்குவேன், நம்ம ஊரு காதுக்கு அது உடனே புரியுது. 70ம் 140ம்னா இவ்வளவு பாடே இல்ல, இதோட ஒரு அடிக்கு அதுல ரெண்டு, நேரா சேந்துக்கும்.

80கள் பாட்டுல மட்டும் சிங்க் பக்கமே போறதில்ல. ஆளுங்க உக்காந்து கையால வாசிச்சது, பல்லவில ஒரு வேகம், சரணத்துல கொஞ்சம் ஏறியிருக்கும், மெஷின் அடிக்கு அடி போட்ட கோடு எங்கயோ நிக்கும். இடையிசை வந்ததும் அந்தப் பாட்டுலேர்ந்து வெளிய வந்துடணும்.

மூணு நடை பாட்டுக்கெல்லாம் லைப்ரரில சிவப்பு கலர் போட்டு, பிபிஎம்மை நானே தட்டி மாத்திட்டு வரேன். இன்னும் ஒரு 200 பாட்டு பாக்கி, ஆடி மாசம் கல்யாணம் இல்ல, அப்போ உக்காரணும்.