அறைகளைக் கடைசியாகத்தான் வரைந்தோம்

இயற்கையோடு ஒட்டிய வீடு வேண்டும் என்று சொன்னால் பலரும் முதலில் காட்டுவது தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி போட்ட ஒரு சுவரைத்தான். அதற்கு அப்பால் பச்சைப் பசேலென்று ஒரு தோட்டம். குளிர் நாட்டுக்கு அது பொருந்தும். அங்கே வெயில் உள்ளே வர வேண்டும். நாங்கள் கட்டிய இடம் வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்ப்புறம். இங்கே கண்ணாடி வழியாக உள்ளே வரும் வெயில் தரையையும் சுவரையும் சூடாக்கிவிடும், அந்தச் சூடு அதே கண்ணாடி வழியாக எளிதில் வெளியே போகாது. தோட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் திரையை இழுத்து மூடி, குளிர்சாதனப் பெட்டியைப் போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டியிருக்கும். அப்புறம் தோட்டம் எதற்கு?

எங்கள் வடிவமைப்பாளரோடு ஆரம்பத்திலேயே ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். மழைத் தண்ணீர் எப்படிப் போகிறது, மரங்கள் எங்கே நிற்கின்றன, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, வெயில் எங்கே விழுகிறது என்ற நான்கும் தெரிந்த பிறகுதான் அறைகளை வரைவது. வீட்டின் வடிவத்தைத் தீர்மானித்தது இந்த வரிசைதான். நிலம் வாங்கிக் கட்டத் தயாராக இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று நினைத்து அதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர். ஒரு மழைக்காலம் முழுவதையும் அங்கே ஒரு கல்கூட வைக்காமல் கழித்தோம். நல்ல மழை பெய்யும்போது குடையோடு போய், தண்ணீர் எந்த இடத்தில் நிலத்துக்குள் நுழைகிறது, எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்து அங்கங்கே குச்சி நட்டுத் துணி கட்டினோம். வெயில் காலத்தில் பார்த்தால் சமதளம் என்று தோன்றிய நிலம் உண்மையில் ஒரு மூலைக்கு நன்றாகச் சரிந்திருந்தது. அந்தப் பள்ள மூலையை மண் போட்டு நிரப்பலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நிரப்பினால் தண்ணீர் மாயமாகிவிடாது, வேறு வழி தேடும். பெரும்பாலும் அந்த வழி வீட்டுச் சுவர்தான். அதனால் பள்ளத்தைக் குளத்துக்கு என்று விட்டுவிட்டு, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில், சரிவுக்குக் குறுக்காக நீளவாக்கில் வீட்டை வைத்தோம். அப்படி வைத்தால் மண்ணை வெட்டுவதும் கொட்டுவதும் மிகக் குறைவு.

வேலை தொடங்கும் முன் மேல்மண்ணை ஓர் அடி ஆழத்துக்கு வழித்து எடுத்து ஓரமாகக் குவித்து, இலைதழையால் மூடி வைத்தோம். வளமெல்லாம் அந்த ஓர் அடியில்தான் இருக்கிறது. கட்டட வேலையில் அது ஜல்லியோடும் சிமெண்டோடும் கலந்துவிட்டால், பிறகு எவ்வளவு எரு போட்டாலும் பழைய நிலைக்கு வர வருஷக்கணக்கில் ஆகும்.

மழைக்கணக்கும் அப்போதே போட்டுவிட்டோம். 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 1000 சதுர அடிக் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தாலே 930 லிட்டருக்குக் கிட்டத்தட்ட வரும். தெறிப்பு, கசிவு, முதல் மழையில் கூரையைக் கழுவிவிடும் தண்ணீர் எல்லாம் போக ஐந்தில் நான்கு பங்கு கையில் நிற்கும் என்று வைத்துக்கொண்டு தொட்டியின் அளவை முடிவு செய்தோம்.

மரங்கள்தான் எங்களை அதிக நேரம் யோசிக்க வைத்தன. நிலத்தில் ஒரு முதிர்ந்த மாமரமும், அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு பலாவும் இருந்தன. மரத்தை வெட்டாமல் விட்டால் காப்பாற்றிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அடிமரத்தைச் சுற்றி நாலடி விட்டுவிட்டு மற்ற இடத்திலெல்லாம் லாரி ஏற்றி, மணல் குவித்து, ஓர் அடி மண் போட்டு உயர்த்தினால் மரம் உடனே சாகாது. சில வருஷங்களில் உச்சிக் கிளையிலிருந்து காயத் தொடங்கும். காரணம் எளிது. தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேலாக, இரண்டடி ஆழத்துக்குள்தான் பரவியிருக்கிறது, அதுவும் கிளை விரிந்திருக்கும் எல்லையைத் தாண்டி. மேலே மண் விழுந்தால் அவற்றுக்குக் காற்றுப் போகாது.

அதனால் கிளை நிழல் விழும் எல்லை முழுக்கச் சுண்ணாம்புத் தூளால் வட்டம் போட்டு, கயிறு கட்டி, அதற்குள் வண்டி, சாமான், கலவை எதுவும் வரக்கூடாது என்று வைத்தோம். மேஸ்திரிக்கு இது வேடிக்கையாக இருந்தது. "இவ்வளவு பெரிய மரம் சார், ஒரு பக்கம் வேரு போனா என்ன ஆயிடப் போவுது?" என்றார். "காத்தடிக்கும்போது அந்தப் பக்கம் பிடிமானம் இருக்காதே மேஸ்திரி, விழுந்தா வீட்டு மேலதானே விழும்" என்றதும் கொஞ்சம் யோசித்தார். அதற்குப் பிறகு வட்டத்தைக் காவல் காத்தவரே அவர்தான்.

பலா மரத்தின் பக்கம் வரும் அறைக்குத் தொடர்ச்சியான அஸ்திவாரக் குழி தோண்டவில்லை. தனித்தனித் தூண்களுக்கு மட்டும் கையால் குழி எடுத்து, தூண்களின் தலையில் தரைக்கு மேலாக பீம் போட்டு, அதன்மேல் சுவர் எழுப்பினோம். குழியில் தடித்த வேர் தட்டுப்பட்டால் தூணை அடுத்த பக்கம் தள்ளினோம். எங்கள் கட்டட பொறியாளர் அதற்கெல்லாம் பொறுமையாக மறுகணக்குப் போட்டுத் தந்தார். பெரிய முன்னோடிகளும் நிலத்தை வெட்டிச் சமப்படுத்தாமல்தான் சாதித்திருக்கிறார்கள். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் தமக்குக் கட்டிக்கொண்ட வீடு பாறைச் சரிவிலேயே படிப்படியாக ஏறி நிற்கிறது. இலங்கையில் ஜெஃப்ரி பாவா 1990களில் கட்டிய கந்தலாமா ஓட்டல் பாறையை ஒட்டியே நீண்டு, கொடிகள் மூடி நிற்கிறது. அளவிலும் செலவிலும் அவற்றோடு எங்கள் வீட்டுக்கு ஒப்பே இல்லை. ஆனால் நிலம் முதலில், கட்டடம் பிறகு என்ற ஒழுங்கு சின்ன வீட்டுக்கும் அப்படியே செல்லும்.

காற்றைப் பார்க்க மூங்கில் கழிகளில் ரிப்பன் கட்டி நிலத்தின் பல இடங்களில் நட்டோம். ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும் திசை மாறுவதும், பருவத்துக்குப் பருவம் மாறுவதும் அதில் தெரிந்தது. ஈரமான வெப்ப ஊரில் உடம்புக்கு இதம் தருவது காற்றோட்டம்தான். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் காற்று மேலே பட்டால், வெப்பம் இரண்டு மூன்று பாகை குறைந்தது போல உடம்பு உணரும். இதற்காக வீட்டை ஒற்றை அறை அகலத்தில் வைத்தோம். அறைக்குப் பின்னால் இன்னோர் அறை கிடையாது. ஒவ்வோர் அறைக்கும் எதிரெதிராக இரண்டு பக்கமும் திறப்பு. காற்று வரும் பக்கத்தைவிடப் போகும் பக்கத்துத் திறப்பு பெரிதாக இருந்தால் உள்ளே வேகம் கூடும். படுக்கையறை ஜன்னலை மேஸ்திரி வழக்கமான மூன்றடி உயரத்தில் வைக்கப் போனார். கட்டில் மட்டத்துக்கு இறக்கச் சொன்னோம். படுத்திருப்பவர் மேல் படாமல் தலைக்கு மேலே போகிற காற்றால் என்ன பயன்? பாதுகாப்புக்குக் கம்பி, மழைக்குச் சாய்வுப் பலகை அடைத்த கதவு, இரண்டும் அதே ஜன்னலில் இருக்கின்றன.

கொசுவலை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜன்னலில் வலை அடித்தால் காற்று வெகுவாகக் குறைந்துவிடும். அதே வலையை வராண்டாவின் வெளி விளிம்பில், மேலிருந்து கீழ்வரை அடித்தால் பரப்பு பல மடங்கு கூடுவதால் தடை அவ்வளவு தெரியாது. ஜன்னலும் கதவும் வலை இல்லாமல் திறந்தே கிடக்கலாம், வராண்டாவும் மாலையில் உட்காரும்படி ஆகும். இந்த ஒரு முடிவு எங்களுக்குத் தந்த சந்தோஷத்தை வேறு எதுவும் தரவில்லை.

வெயிலுக்கு வருவோம். வெப்ப மண்டலத்தில் சூரியன் வருஷத்துக்கு இரண்டு முறை நேர் உச்சிக்கு வரும். வடகோளத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு ஜூன் மாதத்தை ஒட்டி வடக்குச் சுவரிலும் வெயில் படும். வடக்கில் நிழல் தேவையில்லை என்று விட்டுவிடக்கூடாது. உச்சி வெயிலைத் தடுக்க இரண்டு மூன்றடி கூரை நீட்டல் போதும். தாழ்வாக வரும் காலை வெயிலும் மாலை வெயிலும் எந்த சன்ஷேடுக்கும் அடங்காமல் கீழே நுழைந்து வரும். ஆகவே நீளமான பக்கங்கள் வடக்கும் தெற்கும், குட்டைப் பக்கங்கள் கிழக்கும் மேற்கும். காற்று சற்றுச் சாய்வாகத்தான் சுவரில் படுகிறது, பரவாயில்லை. 45 பாகை வரை சாய்ந்து வந்தாலும் அறைக்குள் நன்றாகவே பரவும். மேற்குக் கடைசியில் குளியலறை, சாமான் அறை, மாடிப்படி மூன்றையும் வரிசையாக வைத்தோம். மாலை வெயிலை அவை வாங்கிக்கொள்ளும், படுக்கையறைச் சுவர் சூடாகாது.

இத்தனைக்கும் பிறகு அறைகளை வரைய உட்கார்ந்தபோது வரைய அதிகம் இருக்கவில்லை. எது எங்கே என்று நிலமே முக்கால்வாசி சொல்லிவிட்டிருந்தது.

சுவருக்குக் குளம் வெட்டிய மண்ணையே பயன்படுத்தினோம். கண்ணாடிப் பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால் மணல் அடியில் படியும், அதன்மேல் வண்டல், மேலாகக் களி. சிமெண்ட் கலந்து அழுத்தும் மண்கல்லுக்கு மணல் பாதியளவும் களி ஐந்தில் ஒரு பங்கும் இருந்தால் நல்லது என்பார்கள். எங்கள் மண்ணில் களி அதிகம், மணல் சேர்த்தோம். சிமெண்ட் 5 சதவீத அளவுதான். சூளை கிடையாது, விறகு கிடையாது. 28 நாள் ஈரம் காயாமல் மூடி வைத்துப் பதப்படுத்தினால் போதும். கல் அறுக்க மேல்மண்ணைத் தொடக்கூடாது, அதில் மட்கும் பொருள் இருப்பதால் கல் பலமாக நிற்காது. ஆனால் எல்லா ஊருக்கும் கனமான மண்சுவர்தான் குளுமை என்று நான் சொல்ல மாட்டேன். பகலுக்கும் இரவுக்கும் வெப்பத்தில் பெரிய வித்தியாசம் உள்ள வறண்ட ஊரில் அது அருமையாக வேலை செய்யும். இரவும் புழுங்குகிற ஊரில், வெயில் பட்ட கனமான சுவர் படுக்கும் நேரத்தில் சூட்டை உள்ளே விடும். எங்கள் சுவர்கள் வராண்டா நிழலிலேயே நிற்பதால் அந்தச் சிக்கல் வரவில்லை.

கூரைக்கு ஓடு. ஓட்டுக்கும் உள்கூரைப் பலகைக்கும் நடுவில் இடைவெளி விட்டு, முகட்டில் சூடான காற்று வெளியேற வழி வைத்தோம்.

கண்ணுக்குத் தெரியும் பசுமையைப் பற்றிப் பேசும்போது வடிவமைப்பாளர் ஓர் ஆய்வைச் சொன்னார். 1984இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர், அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தவர்களில் ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் மட்டும் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள் என்று எழுதினார். வயதான அம்மா எங்களோடு இருப்பதால் அது என் மனதில் ஆழமாகப் பதிந்தது. அவர் அறையின் கட்டிலை முதலில் தரையில் சுண்ணாம்பால் வரைந்து, அதில் அவரைச் சாய்ந்து படுக்கச் சொல்லி, மாமரம் முழுதாகத் தெரியும் இடத்தில் ஜன்னலைக் குறித்தோம். "இன்னும் கொஞ்சம் கீழ வைங்கப்பா, அணில் வர்ற கிளை தெரியல" என்றார். அப்படியே வைத்தோம். பார்க்க வேண்டியது என்ன, எந்த நிலையில் இருந்து பார்ப்போம் என்று தெரிந்தால் சின்ன ஜன்னலே போதும்.

இயற்கைக்குப் பக்கத்தில் போனால் பாம்பும் கரையானும் பக்கத்தில்தான் இருக்கும். அதை மறைத்துப் பேசுவது நேர்மை இல்லை. மரத்தூண் எதுவும் மண்ணைத் தொடாமல் கல் பீடத்தின்மேல் நிறுத்தினோம். பேஸ்மட்டத்தை இரண்டடிக்கு மேல் உயர்த்தி, சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குச் செடி இல்லாமல் சரளை போட்டோம். கரையான் மண்குழாய் கட்டி ஏறினால் உடனே தெரியும். விறகும் பழைய ஓடும் வீட்டை விட்டுத் தள்ளியே அடுக்கப்படுகின்றன, சாக்கடைக் குழாய் வாய்க்கெல்லாம் கம்பி வலை உண்டு. குளத்தில் கப்பி மீன் விட்டதால் கொசுப் புழு தங்குவதில்லை. குளியலறைத் தண்ணீர் கல்வாழைப் பாத்தி வழியாக வாழைக்குப் போகிறது. வெளி விளக்குகளைக் குறைத்து, மங்கிய மஞ்சள் ஒளியில், தரையைப் பார்த்து வைத்தோம். பூச்சி மொய்ப்பது குறைந்தது, இரவில் நடமாடும் உயிர்களுக்கும் தொந்தரவு இல்லை.

இப்போது மீதி இருப்பது மேற்குச் சுவர்தான். அங்கே கொடியை நேரே சுவரில் படர விடாமல், இரண்டடி தள்ளி மூங்கில் பந்தல் சட்டம் நிறுத்தப் போகிறோம். இடையில் காற்று ஓடினால் சுவர் ஈரம் பிடிக்காது, நிழலும் முழுதாகக் கிடைக்கும். எந்தக் கொடி என்று இன்னும் முடிவாகவில்லை. அம்மாவுக்கு மல்லிகை வேண்டும், மேஸ்திரி கோவைக்கொடி சீக்கிரம் ஏறும் என்கிறார்.