எழுத்துப் பயிற்சி வகுப்பு: திருத்தும் நாட்கள்

ஜூலை 8, 2025, செவ்வாய்

இளங்கலை இரண்டாமாண்டு. இன்று செயப்பாட்டு வினை. முதல் வரைவைக் கணினியில் திறந்து, தேடும் பெட்டியில் 'ப்பட்ட' என்று ஒருமுறை, 'ப்படு' என்று ஒருமுறை தட்டினால் பெரும்பாலானவை சிக்கிவிடும். ('அப்பட்டமான' என்ற சொல்லும் கூடவே மாட்டும்; அதை விட்டுவிடலாம்.) சிக்கிய ஒவ்வோர் இடத்திலும் கேட்க வேண்டியது: செய்தது யார்? தெரிந்தால் அவரை எழுவாயாக்கி எழுத வேண்டும். தெரியாவிட்டால் 'சிலை திருடப்பட்டது' அப்படியே இருக்கட்டும். செயப்பாட்டு வினையே கூடாது என்று சொல்லித்தருவது தவறு.

பலகையில் எழுதிய வாக்கியம்: 'கல்லூரி நூலகத்தில் மாணவர்களின் வசதிக்காகப் புதிய நேர அட்டவணை நடைமுறைப்படுத்தப்படுவது குறித்த அறிவிப்பு வெளியிடப்பட்டுள்ளது.' 11 சொல். படித்து முடித்த பிறகும் நூலகம் எத்தனை மணி வரை என்று தெரியாது. விவரத்தைச் சேர்த்தால்: 'கல்லூரி நூலகம் திங்கள் முதல் இரவு 8 மணி வரை திறந்திருக்கும்.' 9 சொல்தான். விவரம் கையில் இல்லாதபோதுதான் இந்த மாதிரி வினை தானாக வந்து விழுகிறது. அதனால் வாக்கியத்தைத் திருத்த உட்கார்ந்தவர் பல நேரம் தகவல் தேடி எழுந்து போக வேண்டியிருக்கும்.

ஜூலை 10, வியாழன்

'சென்ற வாரம் களவுபோன வண்டி கிடைத்தது.' சென்ற வாரம் களவுபோனதா, கிடைத்ததா? தமிழில் வினை கடைசியில் வருவதால், முன்னால் நிற்கும் காலச்சொல் வழியில் வரும் எந்த வினையையும் பற்றிக்கொள்ளும். கிடைத்தது சென்ற வாரம் என்றால் 'களவுபோன வண்டி சென்ற வாரம் கிடைத்தது.' களவுபோனது சென்ற வாரம் என்றால் இரண்டு வாக்கியமாக்குவதே நல்லது: 'சென்ற வாரம் வண்டி களவுபோனது. இப்போது கிடைத்துவிட்டது.' காற்புள்ளி போட்டுச் சமாளிப்பதில் நம்பிக்கை இல்லை. வேகமாகப் படிப்பவர் அதைத் தாண்டிவிடுவார்.

எழுவாயும் பயனிலையும் தள்ளிப் போனால் ஒருமை பன்மை வழுக்கும். 'மாணவர்கள் அனுப்பிய விண்ணப்பங்கள் அலுவலகச் சரிபார்ப்புக்குப் பிறகு துறைத்தலைவரின் மேசைக்கு வந்தது.' இடையில் வரும் சரிபார்ப்பு, மேசை எல்லாம் ஒருமை. கை அவற்றோடு போய்விடுகிறது. எழுவாய்க்கும் பயனிலைக்கும் மட்டும் அடிக்கோடிட்டு, அந்த இரண்டை மட்டும் வாய்விட்டுப் படித்தால் 'விண்ணப்பங்கள் வந்தது' உடனே காதில் உறுத்தும். 'ஒவ்வொரு நாட்களும்' என்பதும் இப்படித்தான் பிடிபடும். 'ஒவ்வொரு நாளும்' போதும்.

ஜூலை 15, செவ்வாய்

பத்திகள். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது சொல்வதை ஆறு சொல்லுக்குள் எழுதுவது. எழுத முடியவில்லை என்றால் அதில் இரண்டு விஷயம் இருக்கிறது, பிரிக்க வேண்டும். இரண்டு பத்திக்கு ஒரே குறிப்பு வந்தால் சேர்க்க வேண்டும்.

பிறகு ஜோடியாக உட்கார்ந்து உரக்கப் படிப்பது. எழுதியவர் படிக்கக் கூடாது. விட்டுப்போன சொல்லை அவர் கண் தானே நிரப்பிக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவர் படிக்கட்டும். அவர் தடுமாறும் இடத்திலும் திரும்பப் படிக்கும் இடத்திலும் எழுதியவர் பென்சிலால் கோடு போடுவார். விளக்கம் சொல்லக் கூடாது.

ஜூலை 17, வியாழன்

ஒற்று (இரு சொற்களுக்கு நடுவே வரும் க், ச், த், ப்) கடைசியில்தான். வெட்டப்போகும் வாக்கியத்துக்கு ஒற்றுப் பார்ப்பது வீண் வேலை.

க, ச, த, ப முன்னால் நிறுத்திப் பார்க்க வேண்டிய இடங்கள்: ஐ, கு உருபுகளுக்குப் பின் (கதையைப் படி, ஊருக்குப் போ), அந்த, இந்த, எந்த, அகரத்திலும் இகரத்திலும் முடியும் வினையெச்சம் (படிக்கச் சொன்னார், ஓடிப் போனான்). 'வந்த' போன்ற பெயரெச்சத்துக்குப் பின் ஒற்று மிகாது. 'வந்தப் பையன்' விடைத்தாள்களில் அடிக்கடி வருவதற்குக் காரணம், அது 'அந்தப் பையன்' போலவே ஒலிப்பதுதான்.

'வேலை கொடு' என்றால் பணி கொடு. 'வேலைக் கொடு' என்றால் கையில் இருக்கும் வேல் என்ற ஆயுதத்தைக் கொடு. இரண்டும் பிழையற்ற தமிழ் என்பதால் பிழைதிருத்தி மென்பொருளை நம்ப முடியாது. எழுதியவரிடம் கேட்டுத்தான் திருத்த வேண்டும்.

செவ்வாய்க்கு இரண்டாம் வரைவு, ஓரக்குறிப்பு எழுதிய முதல் வரைவோடு சேர்த்து.