அக்காவின் சிரிப்பும் மைனஸ் 12 டெசிபலும்

பாட்காஸ்ட் ஆரம்பிக்கலாம் என்று முடிவெடுத்த பிறகு எந்த மைக் வாங்கலாம் என்று தேடுவதிலேயே இரண்டு மாதம் போனது. அந்த இரண்டு மாதத்தில் பத்து நிமிடம் பேசிப் பதிவு செய்து, அதை ஹெட்போனில் கேட்டிருந்தால் எனக்கு அதைவிட அதிகம் புரிந்திருக்கும். இப்போது ஆரம்பிக்கிற யாரிடமும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: கையில் இருக்கிற போனில் பேசுங்கள், அப்புறம் உட்கார்ந்து கேளுங்கள்.

மைக் வந்ததும் காலி அறையில் மேஜை போட்டுப் பேசினேன். கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல இருந்தது. வாயிலிருந்து கிளம்பும் ஒலி நேராக மைக்குக்கு வருவது போக, வெறும் சுவரிலும் தரையிலும் மோதி, கொஞ்சம் தாமதமாக மறுபடியும் வந்து சேர்கிறது. இரண்டும் ஒன்றாகப் பதிவாகிவிட்டால் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. அதனால் துணி அலமாரியைத் திறந்து வைத்து அதைப் பார்த்து உட்கார்ந்தேன், முதுகுக்குப் பின்னால் தடித்த போர்வை ஒன்றைத் தொங்கவிட்டேன், மைக்கை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவந்தேன். அந்த ஒரு சாணில்தான் பாதி வித்தை இருக்கிறது. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் நம் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும், ஆனால் அறையின் எதிரொலி அப்படியேதான் இருக்கும். அதாவது நெருங்க நெருங்க அறை பின்வாங்கிவிடுகிறது. ரொம்ப நெருங்கினால் 'ப' வருகிற இடமெல்லாம் காற்று மைக்கில் இடித்து 'பொத்' என்று விழும்; மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் அதுவும் குறையும்.

அடுத்தது கெயின், அதாவது மைக்கிலிருந்து வரும் ஒலியைப் பதிவுக்கு எவ்வளவு பெரிதாக்குவது என்ற அளவு. இதை நான் கற்றுக்கொண்டது அக்காவால். முதல் எபிசோடில் அவள்தான் விருந்தினர், எங்கள் குடும்பத்துப் பழைய கதைகளைச் சொல்ல வந்தாள். பேசும்போது மீட்டர் அழகாக ஆடிக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் தாத்தாவைப் பற்றிச் சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அன்றைக்கு இரவு அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அந்தச் சிரிப்பின் உச்சிகள் எல்லாம் கத்தரிக்கோலால் நறுக்கியது போல மட்டமாக இருந்தன. டிஜிட்டல் பதிவில் 0 டெசிபல்தான் கூரை. அதற்கு மேலே போனது பதிவாகவே இல்லை, கேட்டால் கரகரவென்று உடைகிறது. மறுபடி பதிவு செய்யலாமா என்று கேட்டதற்கு, "அதே சிரிப்பு இன்னொரு தடவை எப்படிடா வரும்?" என்றாள். வராதுதான். அந்தச் சிரிப்பை இழந்தது எனக்கு இன்னும் வருத்தம். அன்றிலிருந்து சாதாரணமாகப் பேசும்போது உச்சி மைனஸ் 12-ஐத் தாண்டாதபடி வைக்கிறேன். ஒலியை மிக நுணுக்கமாகக் குறித்துக்கொள்ளும் 24 பிட் அமைப்பில் பதிவு செய்தால் ஒலி குறைவாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், இரைச்சல் பெரிதாக ஏறாமல் பிறகு உயர்த்திக்கொள்ளலாம்.

எடிட்டிங்குக்கு ஆடாசிட்டி. 2000-ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிற மென்பொருள், ஒற்றை ஆள் பாட்காஸ்டுக்கு அது தாராளம். சில வாரம் அதோடு உட்கார்ந்த பிறகு எனக்குச் சில சொற்கள் அலைவடிவத்தில் கண்ணுக்கே தெரிய ஆரம்பித்தன. நான் வாக்கியத்துக்கு ஒரு 'வந்து' போடுகிறவன். அது மெதுவாகப் புடைத்து, நடுவில் மெலிந்து, கடைசியில் சின்னதாக ஒரு முள் போல முடியும். கேட்காமலே கண்டுபிடித்து வெட்டிவிடலாம். ஆனால் எல்லாவற்றையும் வெட்டக் கூடாது. ஒரு எபிசோடில் மூச்சுச் சத்தத்தை முழுக்க நீக்கினேன், கேட்கும்போது எனக்கே மூச்சு முட்டியது. வெட்டிய இடத்தில் சுத்தமான மௌனத்தை வைத்தாலும் குழியில் கால் வைத்தது மாதிரி இருக்கும். அதற்காகத்தான் பேசத் தொடங்கும் முன் அரை நிமிடம் சும்மா இருந்து, அறையின் அமைதியைத் தனியாகப் பதிவு செய்து வைத்துக்கொள்கிறேன். இடைவெளி வேண்டிய இடத்தில் அதை ஒட்டுவேன்.

மற்றவை சீக்கிரம் முடிகிற வேலைகள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலை வடிகட்டி எடுத்துவிட்டு, பெரிய சத்தத்துக்கும் சின்னச் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் கம்ப்ரசரை லேசாகப் போட்டு, மொத்தச் சத்தத்தை மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) அருகில் நிறுத்துகிறேன். ஆப்பிள் பரிந்துரைக்கும் அளவும் அதுதான். ஒரே குரல் என்பதால் மோனோ, 64 கேபிபிஎஸ் எம்பி3. அரை மணி நேரம் 14 எம்பி சொச்சத்தில் அடங்கிவிடும். வெளியிடுவது பற்றி எனக்கு இருந்த மலைப்பு ஆர்எஸ்எஸ் ஃபீடைத் திறந்து பார்த்ததும் போய்விட்டது. அது வெறும் எழுத்துக் கோப்பு. தலைப்பு, தேதி, ஒலிக்கோப்பு இருக்கும் முகவரி, அவ்வளவுதான். கேட்கும் செயலிகள் அவ்வப்போது வந்து அதைப் படித்துப் புது எபிசோடை எடுத்துக்கொள்கின்றன. 2005-இல் ஐடியூன்ஸ் பாட்காஸ்டைச் சேர்த்துக்கொண்டபோதும் இதே ஏற்பாடுதான், இன்றைக்கும் யாருடைய அனுமதியும் இல்லாமல் எவரும் ஒரு ஃபீடை எழுதி வைக்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

போன வாரம் அக்கா மறுபடி வந்தாள். பதிவு தொடங்கும் முன் அளவு பார்க்க ஒரு தடவை பலமாகச் சிரிக்கச் சொன்னேன், சிரித்தாள், அதற்கேற்பக் கெயினை இறக்கினேன். அரை மணி நேரம் கழித்து நிஜமாகவே சிரிப்பு வந்தபோது மீட்டர் மைனஸ் 4 வரை ஏறி இறங்கியது. முழுச் சிரிப்பும் பதிவாகியிருக்கிறது.