ஆர்.சி.யில் மட்டும் ஓடும் கார்

"அந்தக் கார் எங்க நிக்குதுன்னு கம்ப்யூட்டர்கிட்டயே கேட்டுச் சொல்லுங்க சார், நாங்களே போய் ஓட்டிட்டு வந்துடுறோம்" என்றார் அந்த அம்மா. கிண்டலா கோபமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மகளிர் உரிமைத் தொகை மறுக்கப்பட்டவர்களின் மேல்முறையீட்டு மனுக்களை நேரில் விசாரிக்க நாங்கள் தெருத்தெருவாக அலைந்த சமயம் அது. 2023 செப்டம்பர் 15இல் திட்டம் தொடங்கியபோது விண்ணப்பித்தவர்கள் சுமார் 1.63 கோடி, தேர்வானவர்கள் 1.06 கோடி. ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்கு மேல் கரண்ட், இரண்டரை லட்சத்துக்கு மேல் வருமானம், நான்கு சக்கர வாகனம் என்று எதிலாவது சிக்கியவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் கிடையாது என்பது அன்றைய விதி. இவர் வீட்டுக்குச் சொல்லப்பட்ட காரணம் கார்.

கார் இருந்தது உண்மை. கணவர் கடனில் வாங்கிய பழைய ஆம்னி, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வண்டி. கொரோனாவில் பள்ளி மூடியது, தவணை நின்றது, ஃபைனான்ஸ்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். எடுத்தவர்கள் பெயர் மாற்றவில்லை. மஞ்சப்பையிலிருந்து ஆர்.சி. ஜெராக்ஸை எடுத்துக் காட்டினார். மடிப்பெல்லாம் கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது. வண்டி நின்ற இடத்தில் விறகு அடுக்கியிருந்தது.

நான் எழுதியது இதுதான்: நேரில் வாகனம் இல்லை. நிதி நிறுவனம் எடுத்துச் சென்றதாக மனுதாரர் கூறினார். பதிவு இன்றும் கணவர் பெயரிலேயே உள்ளது. மூன்றும் உண்மை. மனு தள்ளுபடியானது.

கடைசி வரியை விட்டிருக்கலாமே என்றார் வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.). அவருக்கென்ன, கையெழுத்து என்னுடையது. நான் விட்டிருந்தாலும் மேலே திரையில் அது தெரியத்தான் போகிறது. ஆனால் முதல் வரியும் அதே அறிக்கையில்தானே இருந்தது? அதை மட்டும் ஏன் யாரும் கணக்கில் எடுக்கவில்லை?

தெலங்கானாவில் பல துறைப் பதிவுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் 'சமக்ர வேதிகா' என்ற அரசு மென்பொருள் காரே இல்லாதவர்கள் தலையில் காரைக் கட்டியது. தகுதியில்லை என்று கணினி சொல்லி ரத்தான ரேஷன் அட்டைகளை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லி 2022இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. அங்கே ஆள் மாறிப்போனது. இங்கே பெயர் சரி, வண்டி எண் சரி, எல்லாம் சரி. தப்பு என்று எதைக் காட்டி வாதாடுவது?

நாலு வீடு தள்ளி ஒருவர் வாசலில் உறை போட்ட கார் நிற்கிறது. மச்சான் பெயரில் பதிவு. அந்த வீட்டு அம்மாவுக்கு மாதம் பிறந்தால் பணம் வந்துவிடுகிறது. என் பட்டியலில் அந்த வீடே இல்லை. ஒழுங்காகத் தன் பெயரிலேயே கடன் வாங்கி நொடித்துப் போனவன்தான் கணினியின் கண்ணில் படுகிறான். இதை நான் எந்தக் கட்டத்தில் எழுதுவது? அந்தக் காரைப் பற்றிப் புகார் எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எழுதினால் அந்த அம்மாவுக்கும் நின்றுபோகும், இவருக்கு வந்துவிடாது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு இதே மாதிரி இன்னொரு மனு வந்தபோது, காலி வாசலைப் படமெடுத்து அறிக்கையோடு வைத்து அனுப்பினேன். என்ன ஆனது என்று விசாரிக்கலாம்தான். அந்தத் தெரு வழியாகத்தான் தினமும் போகிறேன், கேட்டதில்லை.