உடம்புக்குக் கொஞ்சம் அவகாசம்: வேலூர் நாட்குறிப்பு

ஏப்ரல் 26

மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்தாயிற்று. பசைக்கு ஃபெவிகால் கலந்து இரண்டு கோட்டு. காங்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரியிலும் அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். வெள்ளை அடித்தால் வாங்குவதே குறைந்துவிடும். மதியம் வெறுங்காலோடு மாடியில் நின்று பார்த்தேன், நிற்க முடிந்தது. பக்கத்து வீட்டு மாடியில் அப்படி நிற்கவே முடியாது.

எங்கள் ஊர் கம்மவான்பேட்டை. ராணுவத்துக்கு ஆள் அனுப்புவதில் பெயர் பெற்ற ஊர். நானும் போய்விட்டு வந்தவன்தான். இப்போது அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகும் பையன்களுக்குக் காலையில் ஓட்டம் சொல்லித் தருகிறேன். 1.6 கிலோமீட்டர் ஓடிக் காட்ட வேண்டும், அதில்தான் பாதிப் பேர் நின்றுபோகிறார்கள். "மாமா, பத்து மணி வெயிலில் ஓடினால்தான் ஸ்டாமினா வரும்" என்கிறான் ஒருவன். இல்லவே இல்லை. முதல் நாள் இருபது நிமிஷம், பிறகு தினமும் கொஞ்சம் கூட்டு, இரண்டு வாரத்தில் உடம்பு தானே வழிக்கு வரும் என்றேன். ராணுவம் எனக்குக் கற்றுக்கொடுத்ததில் நான் பெரிதாக மதிக்கும் பாடம் இது. வெயிலோ குளிரோ, உடம்பை மிரட்டிப் பழக்க முடியாது, அவகாசம் கொடுத்தால் மட்டுமே பழகும்.

மே 4

இன்று அக்னி நட்சத்திரம் தொடக்கம். பஞ்சாங்கம் இன்றைக்குத்தான் சொல்கிறது, ஆனால் வேலூரில் கத்திரி போன வாரமே வந்து உட்கார்ந்துவிட்டது.

சென்னைக்காரர்கள் நம்மைப் பார்த்துப் பரிதாபப்படுவதில் நியாயம் இருக்கிறது. அங்கே மதியம் ஆனால் கடல் காற்று எழும்பிவிடும். அது நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து நம்மிடம் வரும்போது இருட்டிவிடுகிறது, பல நாள் வருவதே இல்லை. சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள், நடுவில் பாலாற்று மணல். எல்லாம் சேர்ந்து சாயங்காலமும் அனல் அடிக்கும்.

ராஜஸ்தானில் இதைவிட அதிக டிகிரி பார்த்திருக்கிறேன். அங்கே பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. ஆனால் பாலைவனத்தில் காற்றில் ஈரம் இல்லை. வேர்த்த உடனே காய்ந்துவிடும், காயும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். ராத்திரி மணல் சீக்கிரம் ஆறிவிடும், நன்றாகத் தூங்கலாம். வேலூரில் 41 டிகிரியோடு ராத்திரிப் புழுக்கமும் சேர்கிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் வெயிலைத் தாங்கும் தெம்பு பாதியாகிவிடும். அதனால் யாராவது "இன்றைக்கு எத்தனை டிகிரி?" என்று கேட்டால், "ராத்திரி எத்தனை டிகிரிக்கு இறங்கியது?" என்று நான் திருப்பிக் கேட்பேன்.

சாயங்காலம் லடாக்கில் உள்ள லே ஊரிலிருந்து போன் வந்தது. லடாக் ஸ்கௌட்ஸ் என்ற ராணுவப் படைப்பிரிவில் இருந்த பழைய நண்பர். மனைவிக்குச் சிகிச்சைக்காக வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறார்களாம், தேதி கிடைத்துவிட்டதாம். இந்த மாதத்திலா! சரி, மருத்துவத்துக்கு மாதம் பார்க்க முடியாது. லேயிலிருந்து டெல்லிக்கு விமானம், அங்கிருந்து கேரளா எக்ஸ்பிரஸில் காட்பாடி. எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரி அப்போதே மண்பானையைக் கழுவ எடுத்துவிட்டாள்.

மே 9

காட்பாடி ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் தாமதமாகி நண்பகலில் வந்தது. இறங்கியவர் கையெடுத்து "ஜூலே" என்றார், லடாக்கில் வணக்கம் சொல்வது அப்படித்தான். நானும் "ஜூலே" என்றேன். எத்தனை வருஷம் கழித்து அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்கிறேன்! அவர் காலில் கனமான ஷூ, உள்ளே கம்பளிக் காலுறை. ஆட்டோவில் ஏறியதும் முதலில் அதைக் கழற்றச் சொன்னேன்.

அவர் மனைவி கேட்டது மனதிலேயே நிற்கிறது. "இங்கே நிழலும் சுடுகிறதே?" லேயில் காற்று மெலிசு, வெயில் சுள்ளென்று அடிக்கும், நிழலுக்குள் ஓரடி வைத்தால் குளிர். தலையை வெயிலிலும் காலை நிழலிலும் வைத்து உட்கார்ந்தால் வெயில் மயக்கமும் பனிக்கடியும் ஒன்றாக வரும் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவர்களுக்கு, மரத்தடியில் நின்றாலும் தணியாத சூடு என்பது புதுச் சங்கதி.

மே 11

இரண்டு நாளாக அவர்களை வெளியே விடவில்லை. ஆஸ்பத்திரிக்குக் காலையில் முதல் ஆட்டோவில் போய் வருவது மட்டும். நான் முதன்முதலில் லேயில் இறங்கியபோது அவர் எனக்கு இதையேதான் செய்தார். 11,000 அடிக்கு மேலான இடம், தரைமட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு காற்றுதான். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். நான் இளவட்டத் திமிரில் பெட்டியைத் தூக்கப் போனேன், கையைப் பிடித்து நிறுத்தினார். "உஸ்தாத், இரண்டு நாள் படுத்தே இரு." ராணுவத்தில் அதற்குக் கணக்கே உண்டு. 9,000 முதல் 12,000 அடி வரை 6 நாள், அதற்கு மேல் 15,000 அடி வரை 4 நாள், அதற்கும் மேலே போக இன்னொரு 4 நாள். முதல் இரண்டு நாள் முழு ஓய்வு, அப்புறம் சின்ன நடை.

வெயிலுக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். புது ஆளுக்கு உடம்பு பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். அதற்குள் ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும். வேர்வை சீக்கிரமே சுரக்க ஆரம்பிக்கும், ஆனால் அதில் வெளியேறும் உப்பு குறையும். அதுவரை பிறர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை ஜன்னலைச் சாத்தி வைத்தோம், வெளியே அனல், உள்ளே பரவாயில்லை. நண்பர் ஃபேனுக்கு நேராக உட்கார்ந்தபடி, "இது அடுப்பை ஊதுகிறது" என்றார். உண்மைதான். அறைக்காற்று நம் தோலைவிடச் சூடாகிவிட்டால் வெறும் ஃபேன் சூட்டைத்தான் வாரிக் கொட்டும். நனைத்துப் பிழிந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஃபேன் அடியில் உட்காரச் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் முகம் தெளிந்தது. ஏர் கூலருக்கும் இந்த மாதம் நல்ல மாதம். மதியம் காற்று காய்ந்து கிடப்பதால் நனைந்த பட்டையிலிருந்து தண்ணீர் வேகமாக ஆவியாகிறது, காற்று குளிர்ந்து வருகிறது.

அவர் மனைவி பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சிறுநீரை அதிகம் பிரிக்கும் மாத்திரையாக இருந்தால் இந்த வெயிலில் உடம்பு வறண்டுவிடும். டாக்டரிடம் கேட்கச் சொன்னேன், கேட்டு வந்தார்கள், அளவை மாற்றிக் கொடுத்திருக்கிறார். இங்கே மாசம் மாசம் மாத்திரை வாங்கும் நம் பெரியவர்களும் ஏப்ரல் பிறந்ததும் ஒரு தடவை இதைக் கேட்டுவிடுவது நல்லது. நாமாக நிறுத்தக் கூடாது.

மே 13

காலையில் கேழ்வரகுக் கூழ், மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம், மோர் மிளகாய். நண்பர் சொம்பை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். ராத்திரி களி கிண்டினாள் வீட்டுக்காரி. அவர் அதை விரலால் கிள்ளி உருட்டிய விதத்தைப் பார்த்து எல்லோரும் வியந்தோம். அங்கே வறுத்த பார்லி மாவை வெண்ணெய்த் தேநீரில் பிசைந்து கோலாக் என்று சாப்பிடுவார்கள், அதே கைப்பழக்கம். ஆனால் அந்த வெண்ணெயும் உப்பும் குளிரில் உடம்புக்குள் எரிகிற விறகு மாதிரி, இங்கே வேண்டாம் என்று அவரே கொண்டுவந்த பொட்டலத்தைக் கட்டி வைத்துவிட்டார்.

மே 15

வைகாசி முதல் நாள். குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. கத்திரியின் உச்சத்தில் அத்தனை ஜனமும் தெருவில் நிற்கிறது. வழியெல்லாம் மோர், பானகம், தர்பூசணி. வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு போகிறவர்கள் காலில் ஊற்றுகிறார்கள். இந்த ஊர் வெயிலோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டது இப்படித்தான், ஒருத்தர் இன்னொருத்தர் காலில் தண்ணீர் ஊற்றி. நண்பரை அழைத்துப் போகவில்லை, இன்னும் அவர் உடம்பு அந்த அளவுக்கு வரவில்லை.

மே 22

காலையில் ஒரு பையன் விழுந்துவிட்டான். நன்றாக ஓடுகிறவன், மார்ச்சில் முதலாவதாக வந்தவன். ஆனால் ஒரு மாதம் பெங்களூரில் அக்கா வீட்டில் இருந்துவிட்டு முந்தாநாள்தான் திரும்பியிருக்கிறான். பழகிய உடம்பு என்று பழைய வேகத்திலேயே ஓடினான். வெயில் பழக்கம் சில வாரம் விலகி இருந்தாலே கரைந்துபோகும், உள்ளூர்க்காரன் என்பதற்காக அது காத்திருக்காது.

கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகிவிட்டன. தோலுக்கு அடியில் தசை துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. முகம் வெளிறி, வேர்வை கொட்டியது. பேர் கேட்டேன், ஊர் கேட்டேன், சரியாகச் சொன்னான். அப்பாடா என்றிருந்தது. புங்கமரத்தடியில் படுக்க வைத்து, சட்டையைக் கழற்றி, காலை உயர்த்தி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்தோம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டிய கரண்டி. வாய் வாயாகக் குடிக்க வைத்தோம். அரைமணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தான்.

மற்ற பையன்களை உட்கார வைத்து ஒன்று சொன்னேன், இங்கேயும் எழுதுகிறேன். பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ, அது வேறு விஷயம். வாயில் எதையும் ஊற்றாதே. உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறு, 108-ஐக் கூப்பிடு. வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதே.

ஜூன் 2

நண்பர்கள் கிளம்பினார்கள். சிகிச்சை நல்லபடி முடிந்தது. கடைசி வாரத்தில் அவரே சாயங்காலம் கடைத்தெருவுக்கு நடந்து போய் நுங்கு வாங்கி வந்தார். சட்டை முதுகு நனைந்திருந்தது. வந்த புதிதில் அவருக்கு முகம் மட்டும்தான் சிவக்கும், வேர்க்காது.

அக்டோபர் 29

நல்ல மழை. ஏர் கூலரை மூடி வைத்துவிட்டேன். காற்றே ஈரமாக இருக்கும்போது அது புழுக்கத்தைத்தான் கூட்டும்.

அக்கா பையனுக்கு லேக்கு மாற்றல் வந்திருக்கிறது. குளிர் ஆரம்பத்தில். அக்கா முகத்தில் ஈயாடவில்லை. "நீ இருந்துட்டு வந்தவன்தானே, சொல்லி அனுப்புடா" என்றாள். சொல்ல வேண்டியதைப் பேப்பரில் எழுதிக் கொடுத்தேன், போனில் சொன்னால் காற்றில் போய்விடும்.

காலுறைதான் முதலில். நடந்து வேர்த்தால் உடனே மாற்று, ஈரக் காலுறையோடு தூங்காதே. கழற்றியதை மார்போடு உள்ளே வைத்துக்கொள், காய்ந்துவிடும். உடுப்பு தடியாக ஒன்று போடாமல் மெலிசாக மூன்று போடு. இரும்பை வெறுங்கையால் தொடாதே. விரல் மரத்து வெளுத்தால் தேய்க்காதே, பனியால் தேய்ப்பது அதைவிட மோசம், அக்குளில் வைத்துச் சூடாக்கு. அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்பு எரியும் இடத்தில் ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருக்க வேண்டும், தூங்கப் போகும்போது அணைத்துவிடு. அதிலிருந்து கசியும் விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை எடுத்துவிடும். தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடி.

டிசம்பர் 18

மார்கழி பிறந்துவிட்டது. பாலாற்றங்கரையில் மூடுபனி, நெடுஞ்சாலையில் லாரிகள் விளக்குப் போட்டபடி ஊர்கின்றன. 18 டிகிரி இருக்கும். அம்மா கம்பளியும் காதுக்கு மஃப்ளருமாக உட்கார்ந்திருக்கிறார். இதைப் பார்த்து வடக்கே இருந்து வந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம். நம் வீடுகள் வெயிலுக்குத் திறந்து கட்டியவை, மொசைக் தரை, சாத்தினாலும் இடுக்கு விடும் ஜன்னல். லடாக்கில் தடித்த மண்சுவர், தெற்கு பார்த்துப் பெரிய ஜன்னல், வடக்கே பொட்டுப் போல ஒன்று. சூரியன் பகலில் தந்ததைச் சுவர் ராத்திரிக்குச் சேமித்து வைக்கும். வெளியே மைனஸ் பதினைந்து என்றாலும் அடுப்பங்கரையில் ஸ்வெட்டரோடு உட்காரலாம். இங்கே எழுபத்தெட்டு வயது உடம்புக்கு விடிகாலை 18 டிகிரி குளிர்தான். வெந்நீரும் கால் உறையும் கொடுத்தேன்.

அக்கா பையன் லேயிலிருந்து போன் செய்தான். முதல் ஆறு நாள் முடிந்தது, தலைவலி போய்விட்டது, பசிக்கிறதாம். பசி வந்தால் உடம்பு வழிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அக்காவிடம் சொன்னதும் அழுதுவிட்டாள்.

ஜனவரி 11

நண்பர் பையனை வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோறு போட்டிருக்கிறார். வீடியோ காலில் இருவரும் வந்தார்கள். பையனின் உதடு வெடித்திருக்கிறது. வெண்ணெய் தடவச் சொல்லி அவர் மனைவியே கிண்ணத்தை நீட்டுவது தெரிந்தது. பின்னால் சுவரோரம் சர்க்கரைப் பாதாமி என்கிற ஆப்ரிகாட் பழம் காய்ந்து கோணிப்பையில் கட்டி இருந்தது, நமக்கு ஒரு பை வருகிறதாம்.

நண்பர் கேட்டது ஒன்றே ஒன்று: கேழ்வரகு மாவு. பொங்கல் கூட்டம் தொடங்கும் முன் பார்சல் போட வேண்டும். அக்கா இரண்டு கிலோ முளைகட்டி வறுத்து அரைத்து வைத்திருக்கிறாள். மோர் மிளகாயும் வைக்கலாமா என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் டப்பாவில் போட்டு மூடிவிட்டாள்.