விரலால் கேட்ட பத்துப்பாட்டு

போன தீபாவளி கழிந்த வாரத்தில் பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று கைக்கு வந்தது. கூட வேலை பார்த்த நண்பர் வெளிநாடு கிளம்பும்போது, "வச்சுக்கோங்க, தூசி பிடிக்காம இருந்தா போதும்" என்று கொடுத்துவிட்டுப் போனார். கூடவே 15 வாட் ஆம்ப் ஒன்று, கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்கும் பெட்டி. மாமா பதிந்து கொடுத்த கேசட்டில் தொடங்கி இருபத்தைந்து வருஷமாக ஹார்ட் ராக் கேட்கிறேன். பிடித்த பாட்டுகளை வருஷ வரிசையில் வைத்து, ஒவ்வொன்றின் ரிஃப்பையும் என் விரலாலேயே வாசித்துப் பார்க்க வேண்டும் என்று அன்று ராத்திரியே முடிவு செய்தேன்.

ரிஃப் என்பது பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் சின்ன கிட்டார் வரி. நம் பல்லவி மாதிரி, எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கும். பத்துப் பாட்டு எடுத்தேன், 1964 முதல் 2003 வரை. ஒரிஜினலை ஓடவிட்டு, கூடவே மூன்று முறை தடுமாறாமல் வாசித்தால்தான் அடுத்த பாட்டுக்குப் போகலாம் என்று எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். நோட்டுப் புத்தகத்தில் தேதி, மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) வேகம், ஆம்ப்பில் கெயின் திருகு எந்த எண்ணில் இருந்தது என்று மூன்று கட்டம். கெயின் என்பது சத்தத்தை உடைத்துக் கரகரப்பாக்கும் திருகு. அதே சத்தம் மறுநாளும் வேண்டுமே என்றுதான் அந்த எண்ணைக் குறிக்க ஆரம்பித்தேன். கடைசியில் அந்தக் கட்டம்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

முதல் பாட்டு தி கிங்க்ஸின் 'யூ ரியலி காட் மீ', 1964. கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள். ரிஃப்பில் இரண்டே கார்டுதான், எஃப், ஜி. இரண்டும் பவர் கார்ட்: ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும், காந்தாரம் கிடையாது. ஏன் காந்தாரத்தை விடுகிறார்கள் என்பது கெயினை ஏற்றி, முழு கார்டைப் பிடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. உடைந்த சத்தத்தில் மூன்று ஸ்வரமும் ஒன்றோடொன்று மோதிக் குழம்பாகிறது. ஸ, ப மட்டும் என்றால் எவ்வளவு உடைத்தாலும் ஒற்றைக்கட்டாக நிற்கிறது. இந்தப் பாட்டைப் பதிந்தபோது கிங்க்ஸின் கிட்டாரிஸ்ட் டேவ் டேவிஸுக்கு வயது 17. தன்னுடைய சின்ன ஆம்ப்பின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கீறி, அதைப் பெரிய ஆம்ப்போடு இணைத்து வாங்கிய சத்தம் அது. இன்று கடையில் காலால் மிதிக்கும் பெடலாக விற்பதை அவன் பிளேடால் செய்திருக்கிறான். நாலு நாளில் பாட்டு கைக்கு வந்தது. நோட்டில் கெயின்: 8.

கிரீமின் 'சன்ஷைன் ஆஃப் யுவர் லவ்' (1967) ஒரு வாரம். ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் கச்சேரியைப் பார்த்துவிட்டு வந்து பாஸ் கிட்டாரிஸ்ட் ஜாக் புரூஸ் போட்ட ரிஃப் அது. மேலிருந்து கீழே படியிறங்குகிற மாதிரி வரும், விரலுக்குச் சுலபம். சுலபமாக வந்ததால் இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

பிளாக் சபாத்தின் 'பேரனாய்டு' (1970) நேரத்தில் ஒரு சம்பவம். சின்ன வெங்காயம் நறுக்கும்போது இடது கை மோதிர விரல் நுனியைக் கத்தி ஆழமாகவே பதம் பார்த்துவிட்டது. பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு ஒரு வாரம் அப்படியே வாசித்தேன். கம்பி எங்கே இருக்கிறது என்றே விரலுக்குத் தெரியவில்லை. எவ்வளவு அழுத்துகிறேன் என்று தெரியவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் வைக்க வேண்டியிருந்தது.

சபாத்தின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமிக்கு வாழ்நாள் முழுக்க அப்படித்தான். பர்மிங்ஹாமில் தகரம் அழுத்தும் ஆலையில் வேலை, வயது 17. வேலையை விட்டு நிற்கப்போகும் கடைசி நாளில் மெஷினில் கை மாட்டி, வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் நுனி போயின. அவர் இடது கைக்காரர், கம்பியை அழுத்தும் கையே வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்குத் தொப்பி மாதிரி செய்து, மேலே தோலை ஒட்டி, அதை மாட்டிக்கொண்டுதான் இந்த இசையை உண்டாக்கினார். விரலில் பலம் போதாமல் மெல்லிசான பாஞ்சோ கம்பிகளைக் கிட்டாரில் கட்டினார். 1971-இல் ஸ்ருதியை மூன்று அரைப்படி கீழே இறக்கினார், கம்பி தளர்ந்தால் அழுத்துவது லேசு என்பதற்காக. இன்று உலகம் ஹெவி மெட்டல் என்று சொல்கிற அந்தக் கனத்த, இருண்ட ஒலிக்கு இந்த அடிபட்ட விரல்கள் ஒரு பெரிய காரணம்.

பட்டியலில் இல்லாவிட்டாலும், அந்த ஸ்ருதியில் 'சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்' வாசித்துப் பார்க்கும் ஆசை விடவில்லை. என் 9 கேஜ் (கேஜ் என்பது கம்பியின் தடிமன்) கம்பிகளை மூன்று அரைப்படி இறக்கியதும் கொடியில் காயும் துணி மாதிரி தொங்கி, கிட்டார் கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகப் பட்டையான ஃப்ரெட்டில் பட்டு நறநறவென்றது. 11 கேஜ் வாங்கி மாற்றினேன். ஸ்ருதி நின்றது, ஆனால் விரல் காயம் ஆற இன்னும் ஒரு வாரம் கூடிப் போயிற்று. வருத்தமில்லை. பிளாஸ்டரோடு வாசித்த அந்த வாரத்துக்குப் பிறகு சபாத் கேட்கும்போது அயோமியின் ஒவ்வொரு ஸ்வரமும் வேறு மாதிரி கேட்கிறது.

லெட் ஸெப்பலினின் 'பிளாக் டாக்' (1971) அடுத்து. மூன்று வாரம் முட்டிப் பார்த்தேன், வரவில்லை. விதியை மீறி தள்ளிவைத்தேன். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

டீப் பர்ப்பிளின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' கிட்டார் பிடித்த எல்லாரும் முதல் நாளே வாசிக்கிற ரிஃப். நானும் அப்படித்தான், தப்பாக. தடித்த கம்பியில் பிக் (கம்பியைத் தட்டும் சின்னத் தகடு) கொண்டு பவர் கார்டாக அடித்துக்கொண்டிருந்தேன். அவர்களின் கிட்டாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோர் அதை டி, ஜி என்ற இரண்டு நடுக்கம்பிகளில் வாசிக்கிறார். இரண்டையும் அழுத்தாமல் ஒரு தரம், பிறகு 3-ஆவது ஃப்ரெட், 5-ஆவது. மறுபடி அழுத்தாமல், 3, 6, 5. மூன்றாவதாக அழுத்தாமல், 3, 5, 3, மறுபடி அழுத்தாமல். அவ்வளவுதான். ஆனால் இங்கே பஞ்சமம் கீழே, ஸட்ஜம் மேலே. பவர் கார்டைத் தலைகீழாக்கியது. பிக்கும் கிடையாது, கட்டை விரலும் ஆள்காட்டி விரலுமாக இரண்டு கம்பியையும் ஒரே நேரத்தில் கிள்ளி எடுக்க வேண்டும். பிக்கில் அடித்தால் ஒரு கம்பி முந்தி, ஒரு கம்பி பிந்தி, நூல் இழை அளவுக்கு வித்தியாசம் வருகிறது. கிள்ளினால் இரண்டும் சேர்ந்து, கதவைத் தட்டுவது போல 'டக்'கென்று வருகிறது. முதல் முறை அப்படி வந்தபோது எழுந்து அறையை ஒரு சுற்று சுற்றி வந்தேன்.

பாட்டின் கதை பலருக்குத் தெரியும். 1971 டிசம்பர் 4, சுவிட்சர்லாந்தின் மாண்ட்ரூ கேசினோவில் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் யாரோ சுட்ட ஃப்ளேர் துப்பாக்கியில் கூரை பற்றி, கட்டடமே எரிந்தது. அங்கேயே ஆல்பம் பதிய வந்திருந்த டீப் பர்ப்பிள் ஆட்கள் ஏரியின் மேல் புகை படர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேறு இடம் பிடித்து ராத்திரியில் இந்த ரிஃப்பைப் பதியும்போது, சத்தம் தாங்காமல் ஊர்க்காரர்கள் புகார் சொல்லி போலீஸ் வந்துவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதிவில் நாம் கேட்கும் கனத்தில் ஒரு பங்கு ஆர்கன் வாசிக்கும் ஜான் லார்டுடையது. ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப் வழியாக விட்டு அதே வரியைக் கூடவே வாசிக்கிறார். அதனால் கிட்டாரில் மட்டும் அந்தக் கனத்தைத் தேடிக் கெயினை ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. 7-க்கு இறக்கினேன், பிறகு 6.

ஸெப்பலினின் 'காஷ்மீர்' (1975). பெயர்தான் காஷ்மீர். பாடகர் ராபர்ட் பிளாண்ட் அந்த வரிகளை எழுதியது மொராக்கோவின் பாலைவனச் சாலையில். இதற்கு மூன்று கம்பிகளை ஒரு முழுப்படி இறக்கி டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று ஸ்ருதி சேர்க்க வேண்டும். விரலுக்கு அது பெரிய கஷ்டமில்லை. கணக்குதான் கஷ்டம். ஜான் பான்ஹமின் டிரம் நாலு நாலாகப் போகிறது, கிட்டார் மூன்று மூன்றாகப் போகிறது. காலால் தட்டிக்கொண்டு வாசித்தால் ஒன்று, கால் கிட்டார் பின்னால் ஓடிவிடும். அல்லது கை டிரம் பின்னால் ஓடிவிடும்.

வீட்டுக்கு வந்திருந்த அக்கா பெண் இதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ப்ளஸ் ஒன் படிக்கிறாள், மிருதங்கம் கற்றுக்கொள்கிறாள்.

"மாமா, கிட்டாரைக் கீழ வைங்க. முதல்ல வாயால சொல்லுங்க."

"என்ன சொல்லணும்?"

"கையில நாலு நாலாத் தட்டுங்க. நான் மூணு மூணா எண்றேன். கையை மட்டும் மாத்தாதீங்க."

ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் எண்ண, நான் தட்ட, பன்னிரண்டு தாண்டி அடுத்த தட்டில் இரண்டும் ஒன்றாக விழுந்தது. "பாத்தீங்களா, சமத்துக்கு வந்துடுச்சு. இவ்ளோதான் மாமா" என்றாள். ராத்திரி முழுக்க 'தகிட' என்று வாயில் முணுமுணுத்துக்கொண்டு கையில் நாலு போட்டுப் பழகினேன். மறுநாள் கிட்டாரை எடுத்தபோது கால் தன் வழியில் போனது. இருபத்தைந்து வருஷமாக இந்தப் பாட்டில் என்னை எதுவோ இழுத்துக்கொண்டே போகிற மாதிரி இருக்குமே, அது இந்த மூன்றும் நாலும் பிரிந்து, மறுபடி பன்னிரண்டில் கை கோப்பதுதான்.

தின் லிஸ்ஸியின் 'தி பாய்ஸ் ஆர் பேக் இன் டவுன்' (1976) இரண்டு கிட்டார் சேர்ந்து பாடுகிற பாட்டு. ஒரு பாகத்தை போனில் பதிந்து, அதன் மேலே இன்னொரு பாகத்தை வாசித்தேன். இரண்டு குரல் சேர்ந்து மேலேறும் அந்த இடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாலும் ஆள் துணை இருப்பது போல இருந்தது.

பிறகு வந்தது ஏசி/டிசியின் 'பேக் இன் பிளாக்'. 1980 பிப்ரவரியில் பாடகர் பான் ஸ்காட் இறந்துபோனார். ஜூலைக்குள் புதுப் பாடகர் பிரையன் ஜான்சனோடு இந்த ஆல்பம் வந்துவிட்டது. போனவருக்கான துக்கம்தான் அந்தக் கறுப்பு அட்டை. அந்தத் தலைப்புப் பாட்டின் ரிஃப்: ஈ ஒரு அடி. மௌனம். டி மூன்று அடி. மௌனம். ஏ மூன்று அடி.

கார்டுகள் முதல் மாதமே தெரிந்தவை. வாசித்துப் பதிந்து கேட்டேன், சப்பென்று இருந்தது. கெயினை 8-க்கு ஏற்றினேன், இன்னும் மோசம். அடிக்கு நடுவே இருக்க வேண்டிய மௌனத்தில் என் ஆம்ப் 'உர்ர்ர்' என்று இரைந்துகொண்டிருந்தது. என் கிட்டாரில் கம்பி அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் சிங்கிள் காயில் வகை, டியூப்லைட் பக்கம் திரும்பினாலே இரையும். லைட்டை அணைத்தேன். கெயினை 6-க்குக் கொண்டு வந்தேன், பிறகு 5, பிறகு 4. நாலில் வைத்து ஈ-யை அடித்துவிட்டு, வலது உள்ளங்கையைக் கம்பிகள் முடியும் பிரிட்ஜின் மேலும் இடது விரல்களைக் கம்பியின் மேலும் லேசாகச் சாய்த்தேன். சத்தம் துண்டாக நின்றது. அந்த இருட்டில், ஸ்பீக்கரில் டிரம்மர் பில் ரட்டின் சிம்பல் மட்டும் 'டிக் டிக்' என்று ஓட, அடுத்த டி விழுந்தபோது நெஞ்சில் குத்தியது. வால்யூமை நான் தொடவே இல்லை.

ஏசி/டிசியின் மால்கம் யங் முன்னால் வந்து நிற்காதவர், ரிதம் கிட்டார் மட்டும்தான். தடித்த கம்பி, குறைந்த கெயின், பலமான வலது கை. ஹார்ட் ராக்கின் கனம் உடைந்த சத்தத்தில் இருக்கிறது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அடித்த பிறகு எங்கே நிறுத்துகிறோம் என்பதில் இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ள ஆறு வாரம் ஆனது. ஆறு வாரமும் பெரும்பாலும் இடது கையைத் தூக்காமல் தளர்த்தும் பழக்கம் மட்டும்தான்.

கன்ஸ் அண்ட் ரோஸஸின் 'ஸ்வீட் சைல்ட் ஓ மைன்' (1987) விரலுக்கு ஒரு சுகம். ஸ்லாஷ் வாசிக்கும் அந்தத் தொடக்கத்தில் எட்டு ஸ்வரம். ஒவ்வொரு சுற்றுக் கட்டத்திலும் முதல் ஸ்வரம் மட்டும் மாறும், மற்ற ஏழும் அப்படியே. கம்பி விட்டுக் கம்பி தாவும் வலது கைதான் பத்து நாள் எடுத்துக்கொண்டது. ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் 2003 பாட்டு 'செவன் நேஷன் ஆர்மி' ரிஃப் ஏழே ஸ்வரம். அதில் பாஸ் கிட்டார் கிடையாது, ஜாக் ஒயிட் சாதாரண கிட்டாரைப் பெடலால் ஒரு ஸ்தாயி இறக்கி வாசித்தது. அக்கா பெண் உள்ளறையிலிருந்து, "இது ஃபுட்பால் மேட்ச்ல கும்பலாப் பாடுறதுதானே மாமா?" என்று கேட்டாள். அதேதான்.

ஒன்பது முடிந்தது. தள்ளிவைத்த 'பிளாக் டாக்'கை இரண்டு வாரம் முன்பு மறுபடி எடுத்தேன். ஸெப்பலினின் பாஸ் கிட்டாரிஸ்ட் ஜான் பால் ஜோன்ஸ் போட்ட ரிஃப். பாடகர் தனியாகப் பாடி முடிப்பார், வாத்தியம் எல்லாம் சேர்ந்து திடுமென நுழையும். எப்போது நுழைவது என்பதுதான் என் சிக்கல். ஹெட்போன் மாட்டி அந்த மௌனத்தை மட்டும் பத்துப் பதினைந்து தடவை கேட்டேன். ரிஃப் வருவதற்கு முன்னால், மிக மெலிதாக, குச்சியோடு குச்சி தட்டும் சத்தம். பான்ஹம் மற்றவர்களுக்குக் கணக்குக் கொடுக்கிறார். இத்தனை வருஷமாக அது அங்கேயே இருந்திருக்கிறது.

இப்போது அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறேன். முதல் வரி சரியாக விழுகிறது. ரிஃப் டிரம்மைத் தாண்டிப் புரளும் நடு இடத்தில் இன்னும் அரை அடி பிந்துகிறேன். நேற்று ராத்திரி நோட்டில் எழுதியது: வேகம் 68, கெயின் 4.