பரண்மேல் ஓடுவது எது?

சென்ற ஐப்பசியில் அடைமழை பிடித்த நான்காம் நாள் இரவு, எங்கள் வீட்டுப் பரண்மேல் யாரோ கோலிக்குண்டை உருட்டுவது போன்ற ஓசை கேட்டது. கும்பகோணத்துக்கு அருகே, கொல்லைப்புறம் வயலை ஒட்டியிருக்கும், பாதி ஓடும் பாதி தளமுமான பழைய வீடு எங்களுடையது. மழையில் வயல் மூழ்கி வளைகளுக்குள் தண்ணீர் புகும்போது எலிகள் மேடு தேடி ஏறுவதும், தையில் சம்பா அறுவடை முடிந்து வரப்போரத் தீனி குறைந்ததும் ஊருக்குள் நுழைவதும் இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்திருந்தும் நான் செய்த முதல் காரியம், கடைத்தெருவில் ஒரு மரப்பொறி வாங்கிவந்து, மசால்வடைத் துண்டைக் கம்பியில் குத்தி, அடுக்களையின் நட்ட நடுவே வைத்ததுதான். மூன்று வாரம் வடையை மாற்றி மாற்றி வைத்தும் ஒன்றும் சிக்கவில்லை. அதற்குள் அரிசி மூட்டையில் இரண்டு ஓட்டைகளும் வாஷிங் மெஷினின் கழிவுநீர்க் குழாயில் ஓர் ஓட்டையும் விழுந்துவிட்டன. வந்திருப்பது எது, எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் பொறி வைத்தது என் பிழை.

எல்லாவற்றையும் எலி என்ற ஒரே சொல்லில் நாம் அடக்கிவிடுகிறோம். வயலில் வேலை செய்பவர்கள் அப்படிப் பேசுவதில்லை. கரம்பை எலி, வெள்ளெலி, புல்லெலி, சுண்டெலி, பெருச்சாளி என்று ஒவ்வொன்றையும் அதன் வளையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். வீட்டுக்குள் நமக்குத் தொல்லை தருபவை பெரும்பாலும் மூன்றுதான். சுண்டெலி 15 முதல் 20 கிராம் எடைதான் இருக்கும். வீட்டெலி அதைப்போல் பல மடங்கு பெரியது, வால் உடலைவிட நீளமானது, சுவரிலும் மரத்திலும் கம்பியிலும் ஏறுவதில் கெட்டிக்காரன். பெருச்சாளி அரைக் கிலோவுக்கு மேலும் வளரும். அதன் வால் உடலைவிடக் குட்டையானது. ஏறுவதில் மந்தம், தோண்டுவதில் அசுரன். ஆகவே பரணில் ஓசை கேட்டால் பெருச்சாளியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கொல்லையில் அஸ்திவாரத்தை ஒட்டி மண் குவிந்திருந்தால் சுண்டெலியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. எலிக்குஞ்சைச் சுண்டெலி என்று நினைத்து ஏமாறுபவர்களும் உண்டு. உடலுக்குப் பொருந்தாத பெரிய தலையும் பெரிய பின்னங்கால்களும் இருந்தால் அது குஞ்சு. தாய் அருகில்தான் எங்கோ இருக்கிறாள்.

ஆளைப் பார்க்க முடியாதபோது புழுக்கையைத்தான் பார்க்க வேண்டும். அருவருப்பான வேலைதான், ஆனாலும் ஒரு வெள்ளைத்தாளில் நான்கைந்தை எடுத்து வைத்து, மகளின் கணிதப் பெட்டியிலிருந்த அடிக்கோலால் அளந்து பார்த்தேன். (அந்த அடிக்கோல் அதன்பின் பள்ளிக்குப் போகவில்லை.) சுண்டெலியுடையது அரிசி மணியைவிடச் சிறியது, 3 முதல் 6 மில்லிமீட்டர், முனை கூரானது. வீட்டெலியுடையது ஏறக்குறைய 12 மில்லிமீட்டர், இரு முனையும் கூம்பியது. எங்கள் பரணில் கிடந்தவை இந்த இரண்டாம் வகை. சில கறுத்து மினுமினுப்பாகவும் மெத்தென்றும் இருந்தன. அவை அன்றைக்குப் போட்டவை. பழையவை சாம்பல் நிறமாகி, குச்சியால் தொட்டதும் பொடிந்துபோயின. புதியதும் பழையதும் கலந்து கிடந்தால், வந்து போகிற விருந்தாளி அல்ல, குடியிருப்பவர் என்று பொருள்.

குளியலறையில் நான் பார்த்தது வேறு கதை. ஒருநாள் இரவு சுவரோரமாக ஒரு சாம்பல்நிற உருவம், சில்லறைக் காசைக் கலகலப்பது போலக் கீச்சிட்டுக்கொண்டே ஓடியது. துடைப்பத்தை எடுத்த என்னைப் பார்த்து அம்மா, “அது எலி இல்லப்பா, மூஞ்சூறு. கரப்பான் திங்க வந்திருக்கு. விட்டுடு” என்றார். நீண்டு கூர்ந்த மூக்கு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத சின்னக் கண், அடி தடித்த வால், அது போன பிறகும் அரைமணி நேரம் தங்கும் கவிச்சை வாடை. இவை இருந்தால் மூஞ்சூறுதான். மூஞ்சூறு எலி இனமே அல்ல. அரிசி மூட்டையைக் கடிப்பதும் வயரைக் கத்தரிப்பதும் அதன் பழக்கமில்லை. பூச்சியைத் தின்று பிழைக்கும் பிராணி அது. அதற்காக விஷக் கட்டி வைப்பது வீண் பாவம். அது அடிக்கடி வருகிறதென்றால், வீட்டில் கரப்பான் மிகுந்துவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

அடுத்தபடியாக எலியின் பாதையைக் கண்டுபிடிக்க வேண்டும். எலிக்குப் பார்வை மட்டு. மீசையால் சுவரைத் தடவிக்கொண்டே ஓடும். தினமும் ஒரே வழியில் போவதால், அதன் உடம்பு எண்ணெயும் அழுக்கும் பட்டுச் சுவரோரத்திலும் விட்டத்திலும் கறுத்த தடம் விழுந்துவிடும். அந்தத் தடம் தெரியாத இடங்களில் நான் முகப்பவுடரை மெல்லத் தூவினேன். அம்மா அரிசிக் கோலமாவை எடுத்துக் கொடுத்தார். அது எலிக்கு விருந்தாகிவிடும் என்பதால் வேண்டாம் என்றேன். விடியற்காலையில் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது, முன்னங்காலின் நான்கு விரல்களும் பின்னங்காலின் ஐந்து விரல்களும் புள்ளிபுள்ளியாகவும், நடுவே வால் இழுபட்ட மெல்லிய கோடு ஒன்றும் தெரிந்தன. அந்தக் கோடு மாடிப்படிக் கதவின் அடியில் போய் மறைந்தது. கதவைத் திறந்து மேலே போனால், கொல்லை முருங்கையின் ஒரு கிளை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கிடந்தது. மூன்று வாரமாக நான் அடுக்களையில் வடை வைத்துக் காத்திருக்க, அவர்கள் முருங்கை வழியே இறங்கி மேல்வழியாகப் பரணுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கே கிளையை வெட்டினேன். சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி நிற்கும்படி மரங்களைக் கழித்துவிட வேண்டும் என்பது அதன்பின் எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி. பிறகு பகல் முழுவதும் ஒரு பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினேன். 6 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் சுண்டெலிக்குப் போதும். பென்சில் நுழைகிற ஓட்டையில் அதுவும் நுழைந்துவிடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். நம்முடைய பழைய ஐந்து ரூபாய்க் காசு அளவு திறப்பு வீட்டெலிக்குத் தாராளம். நான் கண்டவற்றைச் சொன்னால் வெட்கமாக இருக்கிறது. அடுக்களைத் தொட்டிக்குக் கீழே குழாய் சுவருக்குள் போகுமிடத்தில் கொத்தனார் பூசாமல் விட்ட வளையம். ஏசிக் குழாய்க்காகத் துளைத்துவிட்டு வெறும் தெர்மோகோலால் அடைத்த ஓட்டை. குளியலறைச் சாக்கடையில் உடைந்த ஜாலி. எக்ஸாஸ்ட் மின்விசிறியின் வெளிப்பக்கம். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே கைவிரல் நுழையும் சந்து.

தெர்மோகோல், மரம், பிளாஸ்டிக், ரப்பர் எதுவும் அதற்குத் தடையல்ல. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. எதையாவது கொறித்துத் தேய்த்தால்தான் அது உயிர்வாழ முடியும். எனவே சிறிய ஓட்டைகளில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை இறுகத் திணித்து, அதன்மேல் சிமெண்ட் பூசினேன். பெரிய திறப்புகளுக்குக் கால் அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலையை அளந்து வெட்டி, நான்கு பக்கமும் திருகாணி போட்டுப் பொருத்தினோம். கொசுவலை போதாதா என்று கேட்பவர்களுக்கு: நைலான் வலை ஒரே இரவில் போய்விடும். சாக்கடைக்கு எவர்சில்வர் ஜாலி வாங்கினோம். வாஷிங் மெஷினின் திறந்த அடிப்பாகத்துக்கு இரும்புத் தகடு வைத்து மூடியதில் குழாய்ச் செலவு நின்றது. பழைய காலத்தவர்கள் வளையில் கண்ணாடிச் சில்லும் சிமெண்டும் கலந்து அடைப்பார்கள். அதுவும் பலன் தரும். பின்னால் அந்த இடத்தை இடிக்கப்போகிற கொத்தனாரின் கையை நினைத்து நான் செய்யவில்லை.

அடைப்பதற்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளே இருப்பவை வெளியேறுமுன் எல்லா வழியையும் மூடினால் அவை பரணிலேயே சாகும், நாற்றம் நம் பங்கு. ஓட்டையில் செய்தித்தாளை உருண்டையாகச் சுருட்டி வைத்து இரண்டு மூன்று இரவு பாருங்கள். கலையாமல் இருந்தால் அந்த வழி பயனில் இல்லை.

தீனி விஷயத்தில் நம் முன்னோர் நம்மைவிட விவரமாக இருந்தார்கள். உறியும் அடுக்குப் பானையும் மண் பூசி அடைத்த குதிரும் வெறும் பழமை அல்ல. அரிசியைச் சாக்கிலிருந்து எவர்சில்வர் டிரம்முக்கு மாற்றினோம். நாய்க்கு வைக்கும் சோற்றை இரவில் எடுத்துவிடுகிறோம். வீட்டெலிக்குத் தினமும் தண்ணீர் தேவை. தொட்டியைத் துடைத்துக் காயவிட்டால் அதற்கு நெருக்கடி. சுண்டெலிக்கோ தின்னும் தானியத்தின் ஈரமே ஏறக்குறையப் போதும் என்பதால் இந்த உபாயம் செல்லாது.

பொறி வைப்பதிலும் குணம் அறிந்து வைக்க வேண்டும். வீட்டெலி சந்தேகப்பிராணி, புதிதாக ஒரு பொருள் வழியில் கிடந்தால் பல நாள் சுற்றிப்போகும். எனவே பொறியைச் சுவரோரம் அதன் தடத்திலேயே வைத்து, கதவு விழாதபடி கட்டிவிட்டு, நான்கைந்து நாள் இரையை மட்டும் வைத்துப் பழக்கினேன். இரை, சுட்ட தேங்காய்ச் சில்லு. அந்த வாசனைக்கு ஈடாகக் கருவாட்டைச் சொல்வார்கள், எங்கள் வீட்டில் அது நடக்காது. ஆறாம் நாள் கயிற்றை அவிழ்த்தேன். ஒரே வாரத்தில் நான்கு. சுண்டெலிக்கு இந்தப் பொறுமை தேவையில்லை, புதியதை மோந்து பார்க்கும் குறும்பு அதற்கு உண்டு. ஆனால் கூட்டிலிருந்து வெகுதூரம் போகாது என்பதால் இரண்டு மூன்று பொறிகளை நெருக்கி வைக்க வேண்டும். ஒட்டுப் பலகை எனக்கு ஆகாது. ஒட்டிக்கொண்டு இரவெல்லாம் கத்தும் பிராணியைக் காலையில் என்ன செய்வதென்று வாங்குபவர்கள் யோசிப்பதில்லை. அதில் பல்லியும் குருவியும்கூட மாட்டுகின்றன. பிளக்கில் செருகி மாட்டும் மின்கருவிகள், மனிதக் காதுக்குக் கேளாத ஒலியால் எலியை விரட்டுமாம். இரண்டு நாளில் பழகிவிட்டது என்பது என் அனுபவம்.

விஷத்தை நான் வீட்டுக்குள் அனுமதிப்பதில்லை. 2024 நவம்பரில் குன்றத்தூரில், வீட்டில் வைத்த எலி மருந்தின் நெடி பரவி இரண்டு குழந்தைகள் இறந்துபோன செய்தியைப் படித்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஜிங்க் பாஸ்பைடு வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவாக மாறிக் கொல்லும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. மஞ்சள் பாஸ்பரஸ் பசை இன்னும் கொடியது. சாப்பிட்டவர் முதல் இரண்டு நாள் தேறியவர்போல இருப்பார், பிறகு கல்லீரல் கெடும். யாராவது தவறிச் சாப்பிட்டுவிட்டால் நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திராமல், மருந்தின் உறையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 0.005 சதவீதப் புரோமாடியலோன் கட்டி ரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்வது. அதற்கு வைட்டமின் கே1 மாற்று உண்டு. ஆனால் தின்ற எலி சாகச் சில நாள் ஆகும், எந்தச் சந்தில் போய்ச் சாகும் என்று சொல்ல முடியாது, அதைத் தின்னும் பூனையும் கூகையும் சேர்ந்து பலியாகும். வயலில் பறவைத்தாங்கி நட்டுக் கூகையை வரவழைத்துவிட்டு, வீட்டில் அதற்கு விஷம் வைப்பது என்ன நியாயம்?

புழுக்கையைத் துடைப்பத்தால் உலர்வாகக் கூட்டாதீர்கள். தூசி மூக்கில் ஏறும். சன்னலைத் திறந்துவைத்து, கையுறை போட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை அதன்மேல் நனையத் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் தாளால் வழித்தெடுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி அதன் சிறுநீரில் வருவது. மழைக்காலத் தேங்கு நீரில் கலந்து, காலில் உள்ள கீறல் வழியே உடம்புக்குள் போய்விடும். காய்ச்சலோடு கெண்டைக்கால் கடுத்து, கண் சிவந்தால், எலிமூத்திரம் பட்டிருக்கக்கூடும் என்பதை மருத்துவரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

இப்போது பரணில் ஓசை இல்லை. மாடிப்படிக் கதவின் அடியில் மட்டும் இன்னும் ஒரு விரல் இடைவெளி இருக்கிறது. தகடு அடித்துத் தருவதாகச் சொன்ன தச்சர் மூன்று வாரமாக நாளை வருகிறார். அதுவரை இரவில் ஒரு கருங்கல் பலகையை அங்கே சாய்த்து வைக்கிறேன், காலையில் அதன் முன்னே பவுடரைப் பார்க்கிறேன்.